ஆபீசுக்குப் போகும் முன் கடலின் தரையில் ஒரு நடை!

ஊரில் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலும் போதும், மக்கள் பதறிப் போகிறார்கள். 2004 சுனாமியைக் கண்ட கண்கள் அல்லவா! மும்பையிலோ கடல் தினமும் இரண்டு தடவை உள்வாங்குகிறது. யாரும் பதறுவதில்லை, நின்று பார்ப்பதும் இல்லை! லோக்கல் ரெயிலைப் பிடிக்க ஓடுகிற நமக்கு நேரம் ஏது?

ஆனாலும் ஒரு நாள் பார்க்கத்தான் வேண்டும். பெரிய செலவும் கிடையாது.

ஏன் இந்த வித்தியாசம்?

சென்னையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 1 மீட்டருக்குள் அடங்கி விடும். மும்பையில் அது 4 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சில நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். மும்பைக்கு எதிரே கடலடித் தரை வெகுதூரம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் நீர் அந்த மேட்டில் ஏறும்போது உயர்ந்து விடுகிறது.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று நீரை இழுக்கின்றன. ஓரிரு நாள் கழித்து அதன் வேகம் உச்சத்துக்கு வருகிறது. அந்த நாட்களில் மும்பையில் நடுப்பகலில் ஏற்றம். காலை, மாலை 6 மணி வாக்கில் வற்றம். டியூட்டிக்கு முன்போ பின்போ போய் வர வசதியான நேரம்! பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும்.

கோலம் போடும் நண்டு

ஜூஹு மணலில் சின்னஞ்சிறு மண் உருண்டைகள் வட்டம் வட்டமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். நகத்தளவு நண்டுகள் மணலில் ஒட்டிய இரையைத் தின்றுவிட்டு, மண்ணை உருட்டிப் போட்ட கோலம் அது. அடுத்த ஏற்றம் வந்து அழித்து விடும்.

பாறைக் கரைகளில் கூட்டம் இன்னும் அதிகம். தேங்கிய நீரில் கடல் தாமரை விரிந்திருக்கும். தொட்டால் சுருங்கிக் கொள்ளும். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, வளர வளர வேறு சங்கு தேடி அலையும். வாடகை வீடு மாறி மாறி அலுத்த நமக்கு அதன் கஷ்டம் புரியாதா!

கோலிப் பெண்கள் இந்தப் பாறைகளில் சிப்பி உடைத்து எடுப்பார்கள். நமக்கு அதிசயம், அவர்களுக்கு அதுதான் அடுப்பு எரிய வழி.

இந்தக் கரையின் ஒரு பகுதி மறைந்து விட்டது. கடலோரச் சாலைக்காகச் சுமார் 111 ஹெக்டேர் கடல் தூர்க்கப்பட்டது. வொர்லி, ஹாஜி அலி பகுதிகளிலிருந்த பவளங்கள் 2020-ல் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கப்பட்டன. தூண்களுக்கு நடுவே படகு போக இடம் போதாது என்று வொர்லி மீனவர்கள் போராடினார்கள். அதன் பலனாக 60 மீட்டர் இடைவெளியை 120 மீட்டராக்க 2022-ல் அரசு சம்மதித்தது. எதிர்த்துக் கேட்டதால் கிடைத்தது அது.

உஷார்!

தனியாகப் போகாதீர்கள். பிடிப்புள்ள செருப்பு அவசியம். அழகான சங்கு என்று கையில் எடுக்காதீர்கள். கூம்புச் சங்குக்குள் விஷ ஊசி உண்டு. மணலில் திருக்கை புதைந்திருக்கும். 2013 கணபதி விசர்ஜனத்தின்போது கிர்காவ் சவுபாத்தியில் பலரை அது கொட்டியது. புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள். அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். அட்டவணையில் வற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி முன்பே இறங்குங்கள். வற்றம் முடிந்ததும் கரையைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். ரெயில் போனால் அடுத்த ரெயில் வரும். பின்னால் தண்ணீர் சூழ்ந்து விட்டால் திரும்பும் வழி இருக்காது!