தொப்புள் ஆறாத குஞ்சுகள்

பொரித்த அன்று துள்ளி ஓடிய குஞ்சு, மூன்றாம் நாள் இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். வயிறு உப்பியிருக்கும், பின்பக்கம் ஈரமாக ஒட்டிக் கிடக்கும். தூக்கிப் பார்த்தால் தொப்புள் இருக்கும் இடத்தில் சிவந்த புண், சில குஞ்சுகளில் அழுகல் வாடை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை மரங்களுக்கிடையே நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பனி பட்டது, கண் பட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் இந்தக் குஞ்சின் கேடு பெரும்பாலும் அது ஓட்டுக்குள் இருந்தபோதே தொடங்கிவிடுகிறது.

மஞ்சள் கரு உள்ளே போகும் நேரம்

கோழி முட்டை பொரிக்க 21 நாள். 19-ஆம் நாள்வாக்கில், மிச்சமிருக்கும் மஞ்சள் கருப் பை தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதன் பிறகே தொப்புள் மூடும். அந்தக் கருதான் முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கட்டுச்சோறு. தாய்க்கோழியின் நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில்தான் இருக்கின்றன.

குஞ்சுக்கு உணவாகும் இந்தக் கரு, கிருமிக்கும் நல்ல உணவு. தொப்புள் சரியாக மூடாவிட்டால் ஈ.கோலை, ஸ்டாபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து பெருகுகின்றன. கரு செரிமானமாகாமல் கெட்டுப்போய் வயிறு கொழகொழவென்று ஆகிறது. சாவு பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள்.

இங்கே பலரும் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். முட்டையில் கீறல் விழுந்ததும், குஞ்சு கஷ்டப்படுகிறதே என்று ஓட்டை உரித்துவிடுகிறார்கள். கீறல் விழுந்த பிறகும் குஞ்சு பல மணி நேரம் அசையாமல் கிடப்பது இயல்பு. ஓட்டின் உட்சவ்விலுள்ள ரத்தம் வற்றுவதும், கரு முழுதாக உள்ளே போவதும் அந்த நேரத்தில்தான். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும், கரு பாதி வெளியே தொங்கும். அப்படி வந்த குஞ்சு பிழைப்பது அபூர்வம்.

தண்ணீர் ஊற்றும் கை

தாய்க்கோழியை அடை வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் வாங்கிய சிறிய இன்குபேட்டர் இப்போது தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. காற்றைச் சுழற்றும் விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இதற்கு மேல் போனால் குஞ்சு முந்திப் பொரிக்கும், தொப்புள் மூட நேரம் கிடைக்காது. மிகவும் குறைந்தால் பொரிப்பு தாமதமாகும், குஞ்சு சோர்ந்து வரும்.

ஈரப்பதம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 சதவீதம் என்பது பொதுவான அளவு. நெகிரி செம்பிலானில் வெளிக்காற்று 27 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் 37.7 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் தானாகவே 45 சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஆக, முதல் 18 நாளுக்குச் சேர்க்க வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். ஈரப்பதமானியைப் பார்க்காமல் தட்டு நிறைய ஊற்றினால், முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது. 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். இழக்காத முட்டையிலிருந்து வயிறு ஊதி, தொப்புள் மூடாத குஞ்சுதான் வரும். சமையலறைத் தராசில் முட்டையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அழுக்கு முட்டை

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழியின் உடல் சூட்டோடு வெளிவரும் முட்டை குளிரும்போது உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் மேலுள்ளதை உள்ளே இழுக்கும். எச்சம் அப்பிய முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவினால் அழுக்கை நாமே உள்ளே அனுப்புகிறோம் என்று பொருள். சுத்தமான முட்டையை மட்டும் அடை வைப்பதே நல்லது. லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

எவ்வளவு நாள் சேர்த்து வைக்கலாம்? ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 20, 21 டிகிரிக்கு மேலான சூட்டில் முட்டைக்குள் குஞ்சின் உயிர்க்கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். 30 டிகிரி வெயிலடிக்கும் வீட்டில், முட்டைத் தட்டை அடுப்படியில் வைத்துவிட்டுப் பொரிக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

நோய்ப்பட்ட குஞ்சுக்கு

முதலில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இந்த நோய் குஞ்சுக்குக் குஞ்சு எளிதில் தொற்றுவதில்லை என்றாலும், மற்றவை புண்ணைக் கொத்தும். காய்ந்த மரத்தூள் பரப்பி, முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம் தர வேண்டும். பழைய குண்டு பல்பு இதற்குப் போதும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குத் தேவையான சூட்டைத் தராது.

நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டுத் தொப்புளில் மெதுவாகத் தடவலாம். நூல் போல ஒட்டியிருப்பதையும் கறுத்த பொருக்கையும் பிடுங்கக் கூடாது, வயிற்றை அமுக்கவும் கூடாது. மஞ்சள் தூளும் எண்ணெயும் குழைத்துப் பூசுவது பழைய வழக்கம். அடுப்படி மஞ்சள் தூள் கிருமி நீக்கியதல்ல என்பதால் திறந்த தொப்புளுக்கு அதைத் தவிர்ப்பதே மேல்.

வயிற்றில் கரு இருக்கிறதே என்று இரண்டு மூன்று நாள் தீனி போடாமல் இருப்பது சரியல்ல. சீக்கிரம் தின்னத் தொடங்கும் குஞ்சின் உடல் அந்தக் கருவையும் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறது. வயிறு கொழகொழத்து நாற்றமெடுத்த குஞ்சைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அதைச் சொல்லாமல் நம்பிக்கை கொடுப்பது ஏமாற்று.

மருந்துப் பொட்டலம்

தீவனக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் தூளைத் தண்ணீரில் கலக்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். கெட்டுப்போன கருப் பைக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. கிருமிக்கு எதிர்ப்பாற்றல் வளர்வதுதான் மிச்சம். மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு, சீனாவில் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் தெரியவந்தது. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

காரணம் தெரியாமல் மருந்து தேடினால் என்ன ஆகும் என்பது நெகிரி செம்பிலானுக்குத் தெரியும். 1998-99-இல் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் பன்றி வளர்ப்போர் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். உண்மையில் அது நிப்பா வைரஸ். மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். தொப்புள் புண் அத்தனை பெரிய ஆபத்தல்ல. ஆனாலும் ஒரே பொரிப்பில் பல குஞ்சுகள் அடுத்தடுத்து இறந்தால், அப்போதுதான் இறந்த ஒன்றிரண்டைப் பையில் கட்டி, குளிர்ச்சியாகக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோவதே முறை.

பிள்ளைகள் கையில்

குஞ்சைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சாத பிள்ளை உண்டா? நலமாகத் தோன்றும் கோழியும் சால்மொனெல்லாவைச் சுமக்கும். 2020-இல் அமெரிக்காவில் வீட்டுக் கோழிகளால் 1,700-க்கும் மேற்பட்டோர் இந்தக் கிருமியால் நோயுற்றனர். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் குஞ்சைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. இறந்த குஞ்சைக் குப்பையில் வீசாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். அடுத்த முட்டை வைக்கும் முன் இன்குபேட்டரின் தட்டு, வலை, தண்ணீர்க் குழி எல்லாவற்றையும் சோப்பு நீரில் தேய்த்து, குளோரின் கலந்த நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும்.