படபடக்குதா ஹார்ட்? எந்த ரகம்னு பாருங்க!

சைதாப்பேட்டை ஸ்டேஷன். பீச் போற ட்ரெய்ன் கிளம்பப் போகுது. படி ஏறி, படி இறங்கி, ஓடிவந்து ஏறிட்டீங்க. நெஞ்சுக்குள்ள தடதடன்னு மேளம். மாம்பலம் தாண்டறதுக்குள்ள அடங்கிடும். பயப்படவே வேண்டாம்.

ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 துடிப்பு நார்மல். ஓட்டம், காய்ச்சல், ரத்தசோகை, வைவா பயம் எல்லாமே அதை ஏத்தும். பேரு, சைனஸ் டாக்கிகார்டியா. மெள்ள ஏறும், மெள்ள இறங்கும். அதுதான் அடையாளம்.

ஆனா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஸ்விட்ச் போட்ட மாதிரி 180-க்கு எகிறி, அதே மாதிரி சட்டுனு நின்னா? எஸ்.வி.டி-யா இருக்கலாம். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் ஒரே வழியில இறங்கணும். சிலருக்குப் பிறவியிலேயே எக்ஸ்ட்ரா ரூட் ஒண்ணு இருக்கும். இறங்கின மின்சாரம் அது வழியா மறுபடி மேலே ஏறி, டெர்மினஸுக்குப் போகாத பஸ் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். காலேஜ் வயசுலயே இது வரும்.

சிக்கல் என்னன்னா, டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அது நின்னுடும். ஈ.சி.ஜி. நார்மல். 'டென்ஷன்தாம்மா, ரெஸ்ட் எடு'ன்னு அனுப்பிடுவாங்க. 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எஸ்.வி.டி. இருந்த 107 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது பிடிபடவே இல்லை. அதிலும் 'பதற்றம்'னு முத்திரை குத்தப்பட்டது பெண்களுக்குத்தான் அதிகம்!

மூணாவது ரகம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாடியில் தாளமே இருக்காது; தாறுமாறா அடிக்கும். பெரும்பாலும் வயசானவங்களுக்கு வரும். ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா, பக்கவாதம். தாத்தா, பாட்டி கையைப் பிடிச்சுப் பாருங்க.

கடைசி ரகம்தான் டேஞ்சர். கீழ் அறைகளே தறிகெட்டு ஓடுறது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தா யோசிக்காம 108. 2021 ஜூன் 12, யூரோ கால்பந்து மேட்ச்சில் டென்மார்க்கின் எரிக்சன் சுருண்டு விழுந்தது ஞாபகம் இருக்கா? இதயமே நின்னுபோச்சு. மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி, ஷாக் கொடுத்துக் காப்பாத்தினாங்க. அடுத்த வருஷமே மறுபடி ஆட வந்துட்டார்!

எஸ்.வி.டி-க்கும் வழி இருக்கு. கூடுதல் ரூட்டை மெல்லிய வயர் மூலமா சுட்டு அடைக்கிற அப்லேஷன் சிகிச்சையில் பெரும்பாலானவங்க குணமாகிடறாங்க. ஆனா, முதல்ல அது ஈ.சி.ஜி-யில மாட்டணும். அடிக்கடி வந்தா, நாள் முழுக்க உடம்போட இருந்து பதிவு செய்யற ஹோல்டர் மெஷின் பத்திக் கேளுங்க.

அதுவரைக்கும் நாலு விஷயத்தை நோட் பண்ணுங்க. சட்டுனு வந்ததா, மெள்ளவா? தாளம் சீரா இருந்ததா? எத்தனை நிமிஷம்? மயக்கம் வந்ததா? அடுத்த தடவை யாராவது 'டென்ஷன்'னு சொன்னா, கோபப்படாம அந்த நோட்டை நீட்டுங்க!