கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்

எல்லாருக்கும் எல்லாம் போதாதபோது எது யாருக்குப் போகிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதை ஆராயும் துறைதான் பொருளியல். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ், போதாமையாலேயே உருவான இடம். மீன்பிடிக் கிராமமாக இருந்த அந்தப் பகுதியில் 1980களில் கடலைத் தூர்த்துத் தொழிற்பேட்டை அமைத்தார்கள். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கூடிய நிலத்தில் துவாசுக்கும் ஒரு பங்கு உண்டு.

2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்கு மட்டும் 221 கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் அளவு. சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் ஓட்டுநர் கிடையாது. 2040களில் பணி முழுதும் முடியும்போது இருபதடிக் கொள்கலன் கணக்கில் ஆண்டுக்கு 6.5 கோடியைக் கையாளும் திறன் இருக்கும். 2024இல் சிங்கப்பூரின் எல்லாத் துறைமுக முனையங்களும் சேர்ந்து கையாண்டதே 4.1 கோடிதான்.

நகர மையத்தை ஒட்டியிருந்த தஞ்சோங் பகார் முனையம் 1972 முதல் நன்றாகத்தான் இயங்கியது. அதை ஏன் காலி செய்து துவாசுக்கு மாற்ற வேண்டும்? கணக்குப் புத்தகத்தில் வராத ஒரு செலவு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பாரந்தூக்கிகள் நின்ற கடலோரத்தில் வீடுகள் கட்டியிருக்கலாம், அலுவலகங்கள் வந்திருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட நேரும் அடுத்த நல்ல பயன்தான் அந்தத் தேர்வின் உண்மையான விலை. பாடநூல்கள் இதை வாய்ப்புச் செலவு என்கின்றன. ரசீது எதுவும் வராததால் சாதாரண மனிதர் முதலில் மறப்பது இதைத்தான். தஞ்சோங் பகார் உள்ளிட்ட நகர முனையங்கள் 2027க்குள்ளும் பாசிர் பாஞ்சாங் முனையம் 2040 வாக்கிலும் துவாசுக்கு இடம் மாறவிருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அடுத்தது விலை. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேருக்கு வேண்டும் என்ற இரண்டையும் ஒரே எண்ணில் சொல்லிவிடுவது விலை. அந்த எண்ணை மட்டும் பிடித்துக் கட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2022இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் நேரில் பார்த்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் மலேசிய அரசு ஒரு கிலோ கோழிக்கு 8 ரிங்கிட் 90 சென் என்று உச்சவரம்பு வைத்தது. மக்கள் நலன் கருதிய முடிவு அது. ஆனால் கோழித் தீவனமாகும் சோளத்துக்கும் சோயாவுக்கும் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. உக்ரேன் போர் அதை இன்னும் கூட்டியது. தீவனச் செலவு ஏறுகிறது, விற்கும் விலை ஏறக்கூடாது என்றால் பண்ணைக்காரர் குஞ்சுகளைக் குறைத்து வளர்ப்பார். மானியம் கொடுத்தும் தட்டுப்பாடு வந்தது. உள்நாட்டுக்கே போதவில்லை என்று ஜூன் 1ஆம் தேதி ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழிகள் எல்லை தாண்டாமல் நின்றன. சிங்கப்பூர் அப்போது தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை அங்கிருந்துதான் வாங்கிவந்தது. உணவங்காடிகளில் கோழிச்சோறு விற்றவர்களில் பலருக்கு உறைந்த கோழியை வாங்குவது, விலையைக் கூட்டுவது, கடையைச் சில நாள் மூடுவது என்ற மூன்று வழிகளே மிஞ்சின. விலை உயர்வைத் தடுத்த அரசு அதன் காரணத்தைத் தடுக்கவில்லை. அதனால் சுமை மலேசியப் பண்ணையிலிருந்து கிளம்பி சிங்கப்பூர்க் கடைக்காரரின் தட்டில் வந்து இறங்கியது.

போதாத பொருளைப் பங்கிட இதற்கு நேரெதிரான ஒரு முறையும் உண்டு. விலையை அதன் போக்கில் விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது. சிங்கப்பூரில் 1990 முதல் வாகனம் வாங்குபவர் அதற்கென ஓர் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அது 10 ஆண்டுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை வெள்ளி ஏலத்தின் விதியால் வருவது. சான்றிதழ் கிடைக்காதவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி கூட்டி, வென்ற அனைவரும் அதே விலையைக் கட்டுகிறார்கள். அப்படியென்றால் 150,000 வெள்ளி தரத் தயாராக இருந்த ஒருவர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். சாலை நெரிசல் குறைகிறது, அரசுக்கு வருவாய் வருகிறது. பணம் குறைந்தவர் வரிசையிலிருந்தே விலகிவிடுகிறார். துவாஸ் கிடங்குகளுக்கு ஓடும் லாரிகளுக்கும் தனிப் பிரிவில் இதே ஏலம்தான். லாரி உரிமையாளர் கட்டும் தொகை சரக்குக் கூலியில் ஏறி, லாரியே வாங்காதவர் வீட்டுச் சாமான் விலையிலும் கொஞ்சம் வந்து சேர்கிறது.

உழைப்புக்கும் விலை உண்டு. இந்த இடத்தில் கணக்கு மனிதர்களைத் தொடுவதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவருக்காக முதலாளி சம்பளம் தவிர மாதந்தோறும் அரசுக்குத் தீர்வையும் கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி, உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. தங்குமிடமும் மருத்துவக் காப்புறுதியும் தனி. ஆகவே ஓர் ஊழியருக்கு முதலாளி செலவிடும் தொகையும் அந்த ஊழியர் கையில் வாங்கும் தொகையும் வெகுதூரம் விலகி நிற்கின்றன.

தீர்வையை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆயினும் பொருளியல் இன்னொரு கேள்வியைக் கேட்கிறது. தீர்வையே இல்லாமல் இருந்தால் அந்தச் சம்பளம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்குமா? வரியோ தீர்வையோ, யார் பெயரில் ரசீது வருகிறதோ அவரே முழுதும் சுமக்கிறார் என்று சொல்ல முடியாது. எளிதில் விலகிப் போக முடியாதவர் மீதுதான் பெரும்பங்கு சாயும். முதலாளிக்கு வேறு ஆள் கிடைத்து, ஊழியருக்கு வேறு வேலை கிடைக்காது என்றால் சம்பளம் தாழ்ந்தே நிற்கும். ஆள் கிடைக்காத காலத்தில் அதே தீர்வை கட்டடச் செலவில் ஏறி வீடு வாங்குபவரிடம் போய்விடும். 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024இல் 9 ஆகியிருக்கும் பொருள் சேவை வரியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். வரியை அரசிடம் செலுத்துபவர் கடைக்காரர். சுமப்பவர் பெரும்பாலும் வாங்குபவர்.

900, 500 என்ற இரண்டு தீர்வைக்கும் இடையே உள்ள 400 வெள்ளி தெரிந்தே வைக்கப்பட்ட வித்தியாசம். உயர்திறன் தகுதி பெறும் ஊழியரால் முதலாளிக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். அரசு யாரையும் கட்டாயப்படுத்தாமல் பயிற்சியின் பக்கம் தள்ளுகிறது. அந்தத் தகுதி பெற்ற ஊழியர் சம்பள உயர்வு கேட்கும்போது இந்த 4,800 அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. பேரம் பேசுபவர்களில் ஒருவருக்கு மட்டும் கணக்குத் தெரிந்தால் மிச்சம் அவரிடமே தங்கிவிடும்.

விலகிப் போக முடியாத நிலை பெரும்பாலும் ஊழியரின் சொந்த ஊரிலேயே, கடனில் தொடங்குகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தில் ‘மூணு வட்டிக்கு வாங்கினேன்’ என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36. கேட்க மூன்றுதான். வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்குக் கொடுக்க 3 லட்சம் ரூபாய் அப்படி வாங்கியவர் முதல் மாதம் வட்டி மட்டும் 9,000 கட்ட வேண்டும். அசலையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ள கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு, மாதம் 15,000 அனுப்பினால் கடன் தீர 31 மாதம் ஆகும். 20,000 அனுப்பினால் ஏறத்தாழ 20 மாதத்தில் தீரும். 5,000 ரூபாய் வித்தியாசத்தில் பதினொரு மாதம் குறைகிறது. வேலை பெர்மிட் வழக்கமாக இரண்டு ஆண்டுக்குத்தான் என்பதால் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. முதல் கணக்கில் பெர்மிட் முடிந்தும் கடன் நிற்கும். பெர்மிட்டைப் புதுப்பிக்கும் நாளில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு அந்த ஊழியருக்கு இருக்காது. அதே 3 லட்சத்தை ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் நகைக்கடனாக வாங்க முடிந்தால் ஓராண்டு வட்டி 1,08,000க்குப் பதில் 27,000தான்.

ஞாயிற்றுக்கிழமை துவாஸ் ஊழியர் விடுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வருபவர்களில் பலர் பணமாற்றுக் கடைகளின் பலகையைப் பார்க்காமல் நகர்வதில்லை. ‘இன்னைக்கு ரேட் என்ன’ என்ற கேள்வி மட்டும் போதாது. ஒரு கடை கட்டணமே இல்லை என்று சொல்லி வெள்ளிக்கு 64.70 ரூபாய் தருகிறது, பக்கத்துக் கடை 4 வெள்ளி கட்டணம் எடுத்துக்கொண்டு 65.20 தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கையில் 1,000 வெள்ளி இருந்தால் முதல் கடையில் ஊருக்குப் போவது 64,700 ரூபாய், இரண்டாவதில் 64,939. அதே கடைகளில் 300 வெள்ளி அனுப்பினால் கணக்குத் தலைகீழாகும்: முதலில் 19,410, இரண்டாவதில் 19,299. கட்டணமும் ரேட்டும் ஒரே செலவின் இரு பகுதிகள். ஊருக்குப் போய்ச் சேரும் ரூபாயை ஒப்பிட்டால் இரண்டும் அதில் அடங்கிவிடும். 2023 பிப்ரவரியில் உடனடிப் பணப்பரிமாற்ற முறைகளான சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைக்கப்பட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வழியும் கூடியிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் ஒரு வெள்ளி ஏறத்தாழ 26 ரூபாய். இப்போது 60ஐத் தாண்டிவிட்டது. அனுப்பும் பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதாகத் தோன்றும். இதே காலத்தில் ஊரில் அரிசி, சிமெண்ட், பள்ளிக் கட்டணம், மனை விலை எல்லாமும் ஏறியிருக்கின்றன. பணத்தின் மதிப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை, அது வாங்கும் பொருளில் இருக்கிறது. வீடு கட்டச் சேர்ப்பவர் தன் சேமிப்பை ரூபாயில் எண்ணுவதைவிட எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை நாள் கொத்தனார் கூலி என்று எண்ணினால் உண்மையான நிலை தெரியும்.

வெள்ளி ஏறியதற்கு ரூபாயின் தேய்மானம் ஒரு காரணம் என்றால், சிங்கப்பூரின் கொள்கை இன்னொன்று. பெரும்பாலான மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைக் கட்டுப்படுத்த முயலும். சிங்கப்பூர் நாணய ஆணையமோ 1981 முதல் நாணய மாற்று விகிதத்தையே கருவியாக வைத்திருக்கிறது. உணவு, எரிபொருள், மணல் என ஏறத்தாழ எல்லாமே இறக்குமதியாகும் நாட்டில் வெள்ளி வலுத்தால் வெளியிலிருந்து வரும் விலையேற்றத்தின் ஒரு பகுதி எல்லையிலேயே கரைந்துவிடும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்குபவருக்கும் ஊருக்குப் பணம் அனுப்புபவருக்கும் அது ஆதாயம். துவாஸ் ஆலைகள் வெளிநாட்டில் விற்கும் பொருளோ அந்த அளவுக்கு விலை கூடி, வாங்குவோர் குறையலாம். ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது ஓவர்டைம். விலைவாசி கடுமையாக இருந்த 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஆணையம் வெள்ளியை வலுப்படுத்தும் போக்கைப் பலமுறை கடுமையாக்கியது. விலையேற்றம் தணிந்து, வளர்ச்சி குறித்த கவலை மேலெழுந்தபோது 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அந்த வேகத்தைக் குறைத்தது.