பதினைந்து வயதில் பல் இம்ப்ளான்ட்: அவசரம் வேண்டாம்

பல்லுக்குக் கம்பி போடலாம் என்று அழைத்துப் போன பிள்ளையின் எக்ஸ்ரேயில், கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கருவட்டம். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. தாடைக் கட்டிகள் பலவும் இப்படித் தற்செயலாகத்தான் அகப்படுகின்றன. "புற்றுநோயா டாக்டர்?" என்று பதறும் பெற்றோர், அடுத்த மூச்சில் கேட்பது: "பல் போனால் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம்தானே?"

முதல் கேள்விக்குப் பயாப்ஸிதான் பதில் சொல்ல வேண்டும். இந்த வயதில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியும் கட்டிகளின் குணம் வேறு வேறு. முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வளரும் நீர்க்கட்டி சாதுவானது. சிறு திறப்பு வைத்து வடியவிட்டால் அது சுருங்கி, உள்ளே சிக்கிய பல்லே மேலேறி வருவதும் உண்டு. அப்போது இம்ப்ளான்ட் பேச்சுக்கே இடமில்லை. கெரட்டோசிஸ்ட் என்னும் இன்னொரு வகை, எடுத்த பிறகும் திரும்பி வரக்கூடியது. அமிலோபிளாஸ்டோமா அதைவிடப் பிடிவாதம். சுரண்டி எடுத்தால் போதாது என்று தோன்றினால் தாடையில் ஒரு துண்டையே வெட்டியெடுத்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து பொருத்துகிறார்கள். 1989 முதல் கீழ்த்தாடைக்குக் கையாளப்படும் முறை இது. அப்படியானால், பின்னாளில் பல் எங்கே வரவேண்டும் என்பதை அறுவை சிகிச்சை நிபுணரும் செயற்கைப் பல் நிபுணரும் முன்கூட்டியே ஸ்கேனை வைத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டும். எலும்பு தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதன்மேல் பல் சரியாக அமையாது.

இனி இரண்டாவது கேள்வி. 1965இல் ஸ்வீடனில் மருத்துவர் பிரோனெமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்த காலத்திலிருந்து, அந்த உலோகம் எலும்போடு இறுகப் பிணைவதே இம்ப்ளான்ட்டின் பலம். வளரும் பிள்ளைக்கு அதுவே வினை. இயற்கைப் பல் தாடை வளர வளரக் கூடவே நகரும். இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே நிற்கும். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர, பழைய வீட்டு வாசல் பள்ளமாகிப் போவதுபோல, சில வருடங்களில் அந்தப் பல் மட்டும் தாழ்ந்து தெரியும். மேல் முன்பற்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

அதனால்தான் வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் பதினேழு வயது வாக்கில், ஆண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் தள்ளி. வயதை மட்டும் நம்ப முடியாது. முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களைச் சில மாத இடைவெளியில் எடுத்து ஒப்பிடுகிறார்கள். பிறவியிலேயே பற்கள் இல்லாத சில பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதியில் சீக்கிரமே வைப்பது விதிவிலக்கு.

இந்தக் காத்திருப்பு வீணல்ல. கட்டி எடுத்த குழியில் எலும்பு நிரம்பவும், கட்டி மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்க்கவும் அந்த அவகாசம் எப்படியும் தேவை. அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பாலமோ போதும். இடைவெளியைச் சும்மா விட்டால் மற்ற பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். 'மூன்றே நாளில் நிரந்தரப் பல்' விளம்பரங்கள் இந்தப் பிள்ளைகளுக்கானவை அல்ல.

பயாப்ஸி அறிக்கையையும் முதல் எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்துங்கள். வலி இல்லை என்பதற்காக மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கட்டி பல வருடம் கழித்தும் திரும்பலாம். பயாப்ஸி அறிக்கை கைக்கு வரும்முன் இம்ப்ளான்ட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.