மூன்றெழுத்தில் ஒரு மூட்டை அர்த்தம்!



ஆங்கில அகராதியில் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் எது தெரியுமா? வாயில் நுழையாத நீளமான சொல் எதுவும் இல்லை. நாம் தினமும் சொல்லும் 'செட்'தான்! எஸ், இ, டி என்று மூன்றே எழுத்து. 1989-ல் வெளியான ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், இந்த ஒரு வினைச்சொல்லை விளக்கவே சுமார் 60,000 வார்த்தைகள் தேவைப்பட்டன. தனியாக நிற்கும்போது மட்டும் அதற்கு 430 பொருள். அதன் பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது, 2011-ல் 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு முந்திவிட்டது. அதுவும் மூன்றெழுத்துதான்!

430-ஐ யார் மனப்பாடம் பண்ணுவது என்று மலைக்க வேண்டாம். பல பொருள் நமக்கு ஏற்கெனவே அத்துப்படி. ஓட்டலில் உட்கார்ந்தால் 'ஒரு செட் தோசை'. வயலுக்குப் போனால் பம்பு செட். 'அவன் நம்ம செட்டுடா' என்றால் கூட்டாளி. 'இந்தக் கலர் உனக்கு செட் ஆகல' என்றால் பொருத்தமில்லை. சினிமாக்காரர்கள் போடுவதும் செட். கணக்கில் செட் என்றால் கணம். மாமல்லபுரம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். ஆனால் 'சன்செட்' பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கணும்!

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை முகம்? உண்மையில் இது ஒரே சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'உட்கார வைத்தல்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. சூரியன் இறங்குவதும், சிமெண்ட் இறுகுவதும், மோதிரத்தில் கல்லைப் பதிப்பதும் அந்த வழியில் வந்தவை. 'கூட்டம், தொகுதி' என்ற பொருளில் வரும் செட், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆக, 'உட்கார்ந்ததா, சேர்ந்ததா?' என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். டிராயிங் ஹாலில் செட் ஸ்கொயர் என்றால் மூலைமட்டம். ஒர்க்‌ஷாப்பில் ஹேக்ஸா பிளேடுக்கும் 'செட்' உண்டு. பற்களை இடமும் வலமுமாக லேசாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதனால் வெட்டு வாய் பிளேடின் கனத்தைவிட அகலமாக விழும், பிளேடு சிக்கிக்கொள்ளாது. லேபில் கம்பியை எல்லை மீறி இழுத்துவிட்டு லோடை எடுத்தாலும், அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. மிச்சம் நிற்கும் அந்த நீட்சிக்குப் பெயர் 'பெர்மனென்ட் செட்'. பிளானில் இருக்கும் கோடுகளைத் தரையில் குறிப்பது 'செட்டிங் அவுட்'.

இவற்றில் உயிரோடு சம்பந்தப்பட்டது சிமெண்டின் செட்தான். விகாட் கருவியில் ஊசியை இறக்கிப் பார்க்கிறோமே, அதுதான் இந்த சோதனை. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்கணும். ஆனால் செட் ஆவது வேறு, பலம் பெறுவது வேறு. பின்னதை 'ஹார்டனிங்' என்கிறோம். தண்ணீர் காட்டக் காட்ட அது பல நாள் தொடரும். 28-ம் நாள் பலத்தைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம். காலையில் போட்ட ஸ்லாப் மறுநாள் காலுக்குக் கல் மாதிரித்தான் இருக்கும். 'செட் ஆயிடுச்சு' என்று சவுக்கு முட்டைத் தட்டினால் என்ன ஆகும்? சாதாரண நிலையில், 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவன் தலையில் மட்டுமா கூரை விழும்?

என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால், "கலவை செட்டாயிடுச்சு, இனிமே தண்ணி ஊத்திக் கலக்காதே, கொட்டிடு" என்பார். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுக் கிளறினால் பலம் குறையும் என்று நம் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. அவர் வாயில் அது ஆங்கிலம் இல்லை, தொழில்.

என்னோடு தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோவில் சேர்ந்த ஒருவன், "இங்கிலீஷ் எனக்கு செட் ஆகாதுடா" என்று முதல் செமஸ்டரோடு நின்றுவிட்டான். இப்போது கம்பி கட்டும் வேலைக்குப் போகிறான். அந்த வாக்கியத்திலேயே அவன் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிசகில்லாமல் பயன்படுத்தியிருக்கிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை! அதை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நண்பர்களே, அகராதியில் முதலில் இருக்கும் அர்த்தத்தை மட்டும் உருப்போட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு சொல்லைப் பார்த்தால், 'இது எந்த லேபில், எந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப்படுகிறது?' என்று கேளுங்கள். 'லோடு', 'பெட்', 'ஹெட்', 'போர்' எல்லாம் இதே ஜாதிதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடு ஒதுக்குங்கள். ஜூனியர் தம்பி தங்கைகள் யாராவது ஆங்கிலத்துக்குப் பயந்து பெட்டி கட்டினால், அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுங்கள்.