வேதாகமம் முழுவதையும் வாசித்தல்: இடறலும் பயிற்சியும்

ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் நம் சபைகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நிகழ்கின்றன. ஒன்று, ஒவ்வொருவரும் வாக்குத்தத்த வசன அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வது. மற்றொன்று, வரும் ஆண்டில் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வாசித்து முடிப்பதாகப் பலர் தம் உள்ளத்தில் பொருத்தனை செய்துகொள்வது. அட்டையை எடுப்பது எளிது. அது வீட்டுச் சுவரில் ஆண்டு முழுதும் இருக்கும். பொருத்தனையோ பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தைத் தாண்டுவதில்லை. இதனை விசுவாசிகளின் அசட்டை என்று கடிந்துகொள்வது ஆயர்களாகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. இடறலின் காரணம் நம்மிடத்திலும் உண்டோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இடறும் இடம்

நம் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டின் 929 அதிகாரங்களும் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களும் சேர்ந்து 1189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்கள், ஓய்வுநாளில் ஐந்து என்னும் பழைய கணக்கின்படி ஓராண்டில் இவற்றை முடித்துவிடலாம். கணக்கில் பிழையில்லை. ஆயினும் அது மனிதன் தளரும் இடத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் சேர்ந்து 90. நாளுக்கு மூன்றாக வாசிப்பவர், ஒரு நாளும் தவறாதிருப்பின், ஜனவரி 30-ஆம் நாளில் இவற்றை முடித்து, மறுநாள் லேவியராகமத்தின் வாசலில் வந்து நிற்கிறார். யோசேப்பின் சரித்திரத்தையும் செங்கடலின் அற்புதத்தையும் ஆவலோடு வாசித்தவர் இங்கே பலிமுறைமைகளையும் சுத்தம், அசுத்தம் பற்றிய கட்டளைகளையும் காண்கிறார். கதை நின்றுவிடுகிறது, வாசகரும் நின்றுவிடுகிறார்.

அவ்வாறு நின்றவர் நம்மிடம் வந்தால் நாம் சொல்லும் ஆலோசனை யாது? “அதை விட்டுவிட்டுச் சங்கீதத்துக்குப் போங்கள், சுவிசேஷத்தை வாசியுங்கள்” என்பதே. நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிவந்தேன். அதன் குறைவை எனக்கு உணர்த்தியது ஒரு சகோதரியின் கேள்வி.

2. ஒரு சகோதரியின் கேள்வி

திமிரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஆற்காட்டைக் கடந்து ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். டேனரி என்று நம் மக்கள் சொல்லும் அத்தகைய ஆலையொன்றில் பணிபுரிந்த சகோதரி ஒருவர், ஓர் ஆண்டு புத்தாண்டில் முழு வேதாகமத்தையும் வாசிக்கத் தொடங்கினார். பிப்ரவரி முதல் வாரத்தில், வீட்டு ஜெபத்திற்குச் சென்ற என்னிடம் அவர் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். செத்த மிருகத்தின் உடலைத் தொடுகிறவன் தீட்டுப்பட்டவன் என்று அங்கே கூறப்படுகிறது (லேவி. 11:39-40). “ஐயா, எங்கள் கை தினமும் தோலில்தானே இருக்கிறது. ஊரார் எங்களைச் சொன்னதையேதான் வேதமும் சொல்கிறதா?” என்று அவர் கேட்டார்.

நான் என் வழக்கமான விடையையே கொடுத்தேன்: “அம்மா, அது பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணம். அதை இப்போது விட்டுவிடுங்கள்.” அவர் ஒன்றும் சொல்லவில்லை; புத்தகத்தை மூடிவைத்தார்.

வீடு திரும்பும் வழியில் என் மனச்சாட்சி என்னை வாதித்தது. லேவியராகமத்தின் ஆசாரிய மூலத்தைப் பற்றி இறையியற் கல்லூரித் தேர்வில் நான் பக்கம் பக்கமாய் எழுதியதுண்டு. அதன் 27 அதிகாரங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வாசகனாய் இருந்து வாசித்ததில்லை. பிரசங்கத்திற்குத் தேவையான பகுதியைத் தேடுவேன், எடுப்பேன், மூடுவேன். முப்பது ஆண்டு ஊழியத்தில் என் வேதாகமத்தின் சில பக்கங்கள் விரல்பட்டுக் கருத்திருந்தன. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. நான் அறியாத பகுதியையே நான் அவரை விட்டுவிடச் சொன்னேன்.

3. பகுதி புண்படுத்துகிறது, முழுமை விடையளிக்கிறது

அதன்பின் லேவியராகமத்தை வாசிக்க அமர்ந்தேன். முதலாவது கண்டது: தீட்டு என்று அங்கே சொல்லப்படுவது சாயங்காலம் மட்டுமே நிலைப்பது. பிறப்பினால் ஒருவனைப் பற்றி, அவன் மக்களுக்கும் தொடர்வதன்று. ஆசாரியனே தீட்டானதைத் தொட்டாலும் அவனுக்கும் அதே விதி, அவனும் தண்ணீரில் முழுகிச் சூரியன் அஸ்தமிக்கக் காத்திருக்கவேண்டும் (லேவி. 22:4-7). ஒரு சாராரைத் தலைமுறை தலைமுறையாய் ஊருக்குப் புறம்பே நிறுத்திய நம் நாட்டுத் தீண்டாமையையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளுதல் பெரும் பிழை.

இரண்டாவது: தோல் அங்கே வெறுக்கப்பட்ட பொருளன்று. சர்வாங்க தகனபலியின் தோல் அதைச் செலுத்திய ஆசாரியனுக்குரிய பங்கு (லேவி. 7:8). அதற்கு முன்னரே, ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடி சிவப்புச் சாயம் தீர்ந்த ஆட்டுக்கடாத் தோலினாலும் தகசுத்தோலினாலும் செய்யப்படவேண்டுமென்று கட்டளை பிறந்திருக்கிறது (யாத். 26:14). தேவன் தம் மக்கள் நடுவே தங்கிய இடத்தின் கூரை, தோல் பதனிடும் கைகளின் வேலை.

மூன்றாவது கண்டதே என்னை மிகவும் தொட்டது. பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிறவனாகிய சீமோன் என்பவனிடத்தில் அநேக நாள் தங்கினான் என்று லூக்கா எழுதுகிறார் (அப். 9:43). வீடு கடலோரத்தில் இருந்ததையும் குறிக்கிறார் (அப். 10:6). இதை விலாசம் போலவே நாம் வாசித்துக் கடந்துவிடுகிறோம். பின்னர்த் தொகுக்கப்பட்ட யூத மரபு நூலாகிய மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் விலகி, கிழக்குப் புறத்தில் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. அத்தொழில் எத்துணை ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை இதனால் அறியலாம். அத்தகைய வீட்டின் மேல்தளத்தில் ஜெபிக்கும்போதே பேதுருவுக்குத் தரிசனம் அருளப்படுகிறது. வானத்திலிருந்து இறங்கும் விரிப்பில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின் உயிரினங்கள் இருக்கின்றன. எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லலாகாது என்ற முடிவுக்கு அப்போஸ்தலன் வருவது அதன் பின்னரே (அப். 10:28). புறவினத்தாருக்குச் சபையின் வாசல் திறந்த வரலாறு தோல் பதனிடுகிறவனின் வீட்டிலிருந்து புறப்படுகிறது.

லேவியராகமத்தை விட்டுவிட்டவருக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் இவ்வரி வெறும் விலாசம். அப்போஸ்தலர் நடபடிகளுக்கு வந்துசேராமல் லேவியராகமத்தில் நின்றுவிட்டவருக்கோ அவ்வதிகாரம் ஒரு புண். வேதாகமத்தை முழுவதும் வாசிக்கவேண்டுவதன் காரணம் இதுவே. அது எண்ணிக்கையை நிறைவேற்றும் கடமையன்று. ஒரு பகுதி எழுப்பும் கேள்விக்கு மற்றொரு பகுதி விடை வைத்திருக்கிறது. வாசிப்பை இடையில் நிறுத்துகிறவன் கேள்வியோடு மட்டும் வீடு திரும்புகிறான்.

அடுத்த வாரம் அச்சகோதரியிடம் சென்று இவற்றை வரிசையாய் வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “இவ்வளவும் இதற்குள் இருக்கும்போது, அந்தப் பக்கத்தை விட்டுவிடச் சொன்னீர்களே ஐயா” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

4. திருச்சபை வரலாற்றில்

இது புதிய குறைபாடன்று. 1549-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபநூலின் முன்னுரையில் தாமஸ் கிரான்மர் இதே முறையீட்டைக் கூறுகிறார்: வருகைக் காலத்தில் ஏசாயா தொடங்கப்படுகிறது, லெந்து காலத்திற்கு முன் ஆதியாகமம் தொடங்கப்படுகிறது, ஆனால் தொடங்கப்படுவதோடு சரி, வாசித்து முடிக்கப்படுவதில்லை. ஆகவே பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும், வெளிப்படுத்தின விசேஷம் நீங்கலான புதிய ஏற்பாடு மும்முறையும் வாசிக்கப்படும்படி அன்றாடக் காலை மாலை ஆராதனைகளை அவர் ஒழுங்குபடுத்தினார்.

ஜெர்மனியில் பிலிப் யாக்கோபு ஸ்பேனர் 1675-இல் வெளியிட்ட சபைச் சீர்திருத்த நூலில் முதல் யோசனையாகவே இதனை வைத்தார். ஆராதனையில் வாசிக்கப்படும் குறிப்பிட்ட பகுதிகள் மட்டும் போதா. திருமறை முழுவதும் மக்களுக்குப் பழக்கமாகவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வியக்கம் ஹாலே நகரில் பிராங்கேயின்கீழ் வளர்ந்தது; அங்கிருந்தே சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து 1719-இல் அவர் மரித்தார். எஞ்சியதைச் சூல்ட்சே முடிக்க, 1728-இல் முழு வேதாகமமும் தமிழில் அச்சு வடிவம் பெற்றது. இந்திய மொழிகளுள் முழு வேதாகமத்தை முதலில் அச்சிற் கண்டது தமிழே. முழுவதையும் மக்கள் வாசிக்கவேண்டும் என்ற தாகத்தின் கனியே நம் கையிலுள்ள நூல். நாமோ அதனை மீண்டும் துண்டுகளாக்கி, அட்டைகளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம்.

ஸ்காத்லாந்தின் டண்டி நகரில் ஊழியம் செய்த ராபர்ட் மறே மெக்செயின், 1843-ஆம் ஆண்டுக்கென்று தம் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை வரைந்தார். நாளுக்கு நான்கு அதிகாரங்கள் வீதம் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. உலகெங்கும் இன்றும் வழங்கிவரும் அவ்வட்டவணையைக் கொடுத்தபோதே அதன் ஆபத்துகளையும் அவர் எடுத்துரைத்தது கவனிக்கத்தக்கது. வாசிப்பு வெறும் சடங்காகலாம், சுயநீதியைப் பிறப்பிக்கலாம், கருத்தின்றி ஓடலாம், சிலருக்குச் சுமக்கமாட்டாத நுகமாகலாம் என்று அவர் எச்சரித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், 29-ஆம் வயதில், அவர் மரித்தார். தாம் தொடங்கிவைத்த ஆண்டின் வாசிப்பை அவர் முடிக்கவில்லை, சபை தொடர்ந்தது.

5. பயிற்சிக்கான சில வழிகள்

முதலாவது, வாசிப்பைச் சபையின் செயலாக்குக. ஏழாம் வருஷந்தோறும் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், அந்நியர் யாவரும் கேட்க நியாயப்பிரமாணம் வாசிக்கப்படவேண்டும் என்பது மோசேயின் கட்டளை (உபா. 31:10-13). எஸ்றா விடியற்காலம் தொடங்கி நண்பகல் வரை வாசித்தான், லேவியர் பொருள் விளங்கச் செய்தனர் (நெகே. 8). முழுவாசிப்பு ஆதியில் கூட்டமாய்க் கேட்கப்பட்டது. தனியறையில் தனிப்பிரதி என்பது அச்சுக்கலை நமக்கு அளித்த பிற்கால ஈவு. கண்பார்வை மங்கிய முதியோரும் எழுத்தறியாதோரும் நம் சிற்றூர்ச் சபைகளில் உண்டு. மாலை ஜெபத்தில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்பது அவர்களுக்கும் முழு வாசிப்பாகும். கைப்பேசியில் ஒலிவடிவில் கேட்போரையும் குறைவாய் எண்ணலாகாது. ஆலைப் பேருந்தில் செல்வோருக்கு அதுவே ஏற்ற வழி.

இரண்டாவது, காலத்தை நீட்டுக. மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஓர் அதிகாரத்திற்குச் சற்றே அதிகம். இரவு முறை வேலை செய்கிறவரிடம் ஓராண்டுத் திட்டத்தைக் கொடுத்து, அவர் தவறியபின் குற்றவுணர்ச்சியையும் கொடுப்பது ஆயர் பணியாகாது. தவறிய நாட்களை ஈடுசெய்ய முயல்வதும் வேண்டாம். இன்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வதே போதுமானது.

மூன்றாவது, அதிகாரத்தை விடுத்துப் புத்தகத்தை அலகாகக் கொள்க. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்தேபான் லாங்டன் வகுத்தவை. 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள், 117-இல் இரண்டே. ரூத், யோனா, பிலிப்பியர் போன்றவற்றை ஒரே அமர்வில் வாசிக்கலாம். கடினமான நூலுக்குள் செல்லுமுன் ஆயர் அரைமணி நேரம் அதன் அமைப்பை விளக்கினால் பலர் இடறமாட்டார்கள். லேவியராகமத்திற்கு இது இன்றியமையாதது.

நான்காவது, ஊழியர் பிரசங்கத்திற்கென வாசிப்பதையும் தமக்கென வாசிப்பதையும் பிரித்துக்கொள்க. மாணவர்களே, கல்லூரி ஆண்டுகளிலேயே இதனைத் தொடங்குங்கள். நூலைப் பற்றிய நூல்களை வாசித்தவர் நூலையே வாசித்தவராகிவிடமாட்டார். இதனை நான் காலம் கடந்து கற்றேன்.

6. முடிவுரை

ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் பழைய முறையை நம் பகுதியின் முதியோர் அறிவர். வீரியம் குறைந்த பட்டைச் சாற்றில் தொடங்கி, வாரக்கணக்கில் தோலைப் படிப்படியாய் வீரியம் மிகுந்த சாற்றுக்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டால் மேற்பரப்பு மட்டும் நிறமேறி, நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆயரின் வேதஅறிவும் இத்தகையதே. பிரசங்க பீடத்தில் நிறம் நன்றாகவே தோன்றும். ஓர் எளிய விசுவாசி தன் வாழ்வைத் தொட்டு ஒரு கேள்வி கேட்கும் நாளில் ஓரம் வெட்டப்படுகிறது. அந்நாளில் பக்கத்தைப் புரட்டிவிடச் சொல்லாமல், அவரோடு அமர்ந்து அதே பக்கத்திலிருந்து தொடங்கி இறுதிவரை வாசிக்க நாம் ஆயத்தமாயிருப்போமாக. அச்சகோதரி மூன்றாம் ஆண்டில் வெளிப்படுத்தின விசேஷத்தை முடித்தார். அடுத்த நாளே மீண்டும் ஆதியாகமத்தைத் திறந்தார் என்று கேள்வியுற்றபோது, நானும் என் வேதாகமத்தைத் திறந்தேன்.