பருத்திமார் தரும் மின்சாரமும் வெந்நீரும்

வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த பேரூர் லப்பைக்குடிக்காடு. அதனைச் சூழ்ந்த வேப்பூர் ஒன்றியத்துச் சிற்றூர்களில் பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாக விளைகின்றன. பஞ்செடுத்த பின்னர் நிற்கும் பருத்திமாரில் ஒரு பகுதி அடுப்புக்குச் செல்கிறது; எஞ்சியது வயலிலேயே கொளுத்தப்படுகிறது. இவ்வாறு வீணாகும் பொருளைக் கொண்டு ஒரு மருத்துவமனையை இயக்க இயலுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மருத்துவமனைக்கு மின்சாரமும் வெப்பமும் ஒருங்கே வேண்டும். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் காத்தல் வேண்டும். மகப்பேற்றறையில் விளக்கு அணையலாகாது. துணி வெளுக்கவும், தாயையும் சேயையும் நீராட்டவும் வெந்நீர் இன்றியமையாதது.

உலர்ந்த பருத்திமாரைக் கலன் ஒன்றில் இட்டுக் குறைந்த காற்றில் எரித்தால், அது முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயுவாக மாறும். அவ்வாயுவைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குச் செலுத்தினால் மின்சாரம் கிடைக்கும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறும். எஞ்சினின் புகைக்குழாயிலும் குளிர்நீரிலும் உள்ள அவ்வெப்பத்தைக் கொண்டு வெந்நீர் பெறுவதே இணைமின் உற்பத்தி எனப்படும். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும், சாறு காய்ச்சும் நீராவியும் ஒருங்கே பெறுவது சர்க்கரை ஆலைகளின் நெடுநாள் வழக்கம். எறையூர் ஆலையை அறிந்த நம் மக்களுக்கு இக்கருத்து புதிதன்று.

கர்நாடகத்தின் ஓசஹள்ளிச் சிற்றூரில் 1988ஆம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் கழகத்தார் இத்தகைய கலனால் மின்விளக்கு ஏற்றினர். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2003ஆம் ஆண்டில் 9 கிலோவாட் கலனை அமைத்துக் குடிநீர் இறைக்கப் பயன்படுத்தியது.

கணக்கு எளிது. 10 கிலோவாட் எஞ்சின் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 80 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 1.25 கிலோ வீதம் நாள்தோறும் 100 கிலோ, ஆண்டுக்கு 36.5 டன் எரிபொருள் வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் கிடைக்குமெனக் கொண்டால், 40 ஏக்கர் பருத்தி போதும்.

ஆயினும் சில எச்சரிக்கைகள் உள. எரிபொருளின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படலாகாது. ஆதலின் மழைக்காலத்திற்கு வேண்டியதை வெட்டி, உலர்த்தி, கூரையின்கீழ் சேமித்தல் வேண்டும். கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் அற்ற நச்சுவாயு. எஞ்சின் அறை நோயாளர் கூடத்தினின்று விலகி, நல்ல காற்றோட்டத்துடன் அமைதல் வேண்டும். வாயுவைக் கழுவிய தார்நீரை வெள்ளாற்றில் விடலாகாது. பயிற்சி பெற்ற இயக்குநர் எந்நாளும் இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பருத்திமாரையே அடுப்பெரிக்க நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. மருத்துவமனைக்கு விளக்கேற்ற முனைந்து அவர்தம் அடுப்பை அணைத்தல் அறமாகாது. வயலில் கொளுத்தப்படுவதை மட்டுமே எடைபோட்டு, நியாய விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். வெட்டி உலர்த்தும் பணியை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அளிக்கலாம்.

ஆகவே எஞ்சினுக்கு விலை கேட்குமுன், ஓராண்டு முழுதும் எவ்வளவு மார் மிஞ்சுகிறது என்பதை ஊர்தோறும் அளந்தறிதலே முதற்பணி. அவ்வளவு போதுமெனில் துணிந்து தொடங்கலாம். போதாதெனில் வெந்நீர்க் கொதிகலன் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.